சென்னைக் காற்றுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்தோம்

"வாரண்டியா? அதெல்லாம் அட்டையில இருக்கிறதோட சரி. ரிச்சி ஸ்ட்ரீட்ல ரிப்பேருக்குக் கொடுத்துட்டு சாயங்காலம் வாங்கிக்கோங்க."

எங்கள் வீட்டு கேம் கன்சோல் நின்றுபோன வாரத்தில் இதே பேச்சைச் சிறு சிறு மாற்றங்களோடு நான்கு பேர் என்னிடம் சொன்னார்கள். மேல்வீட்டு மாமி சொன்னார். அலுவலகத் தோழர் சொன்னார். லஸ் முனையில் வழக்கமாக ஏறும் ஆட்டோவின் ஓட்டுநர் சொன்னார். நான்காவதாகச் சொன்னவர், தி. நகரில் அந்தப் பெட்டியை எங்களுக்கு விற்ற கடைக்காரர். முதல் மூவரும் நல்லெண்ணத்தில் சொன்னார்கள். கடைக்காரர் வாயிலிருந்தும் அதே சொற்கள் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பேச்சால் லாபம் அடைகிறவரும் இதையே சொல்கிறார் என்றால், நாம் ஊரறிவு என்று நினைத்துக்கொண்டிருப்பது யாருடைய அறிவு?

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அக்கா மகன் பத்தாம் வகுப்பு முடித்ததற்காக வீட்டில் எல்லோரும் பங்கு போட்டு வாங்கியது அது. ஐம்பதாயிரத்தை ஒட்டி ஆனது. பதினோராவது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொத்தானை அழுத்தினால் ஒரு பீப், ஒரு நொடி வெளிச்சம், பிறகு ஒன்றுமில்லை. சர்வீஸ் சென்டரில் நான்கு நாள் வைத்திருந்துவிட்டுக் கூப்பிட்டார்கள். கவுன்ட்டரில் இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். "போர்டுல ஈரம் ஏறியிருக்கு மேடம், கரோஷன் ஆயிருக்கு. இது கஸ்டமர் டேமேஜ்ல வரும். வாரண்டி கிடைக்காது. போர்டு மாத்தணும்னா இருபத்தெட்டாயிரம் ஆகும்." பக்கத்தில் நின்ற பையன் என்னைப் பார்த்தான். "சித்தி, நான் தண்ணி எதுவும் கொட்டல." அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் அந்த இரண்டு ஆங்கிலச் சொற்கள் தன்னைத்தான் சொல்கின்றன என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

எங்கள் வீடு கச்சேரி சாலையை ஒட்டிய தெரு ஒன்றில் இருக்கிறது. சாந்தோம் கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். ஜன்னல் கம்பிகள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பெயின்ட் கேட்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஜாடியில் உப்பு கசிந்து கட்டி தட்டும். மெட்ரோ வேலை தொடங்கிய பிறகு லஸ் பக்கம் ஜன்னலைத் திறந்து வைத்தால் மாலைக்குள் மேஜையில் விரலால் கோலம் போடலாம். இதெல்லாம் மயிலாப்பூரில், மந்தைவெளியில், அடையாறில், பெசன்ட் நகரில், திருவான்மியூரில் இருக்கிற எல்லோருக்கும் பொது. காற்றில் வருகிற உப்பு ஈரத்தை இழுத்து மெல்லிய படலமாக வைத்துக்கொள்ளும். அந்தப் படலத்தில் மின்சாரம் பாயும். கன்சோலோ விசிறி வைத்து மணிக்கணக்கில் அறைக் காற்றை உள்ளே இழுத்து ஓடுகிற பொருள். தூசியும் உப்பும் போர்டின் மேல் படிகின்றன. அணைத்து வைத்த இரவுகளில் ஈரம் சேர்கிறது. செம்புப் பாதைகளும் சால்டர் வைத்த இடங்களும் மெல்ல அரிபடுகின்றன. இதில் கஸ்டமர் செய்த டேமேஜ் எது? சென்னையில் மூச்சு விட்டதா?

இந்த அரிப்பு யாரும் எதிர்பாராத விபத்தும் இல்லை. மின்போர்டுகளுக்கு மேல் ஈரம் புகாத பூச்சு கொடுப்பது பல காலமாகப் பழகிய தொழில்நுட்பம். இதே தி. நகர் கடைகளில் ஏசி வாங்கப் போனால் விற்பனையாளர் தானாகவே கடல் காற்றைப் பற்றிப் பேசுவார். கடலோரம் என்றால் பூச்சு போட்ட காயில் உள்ளதை எடுங்கள் என்பார். ஆக, இந்த ஊர்க் காற்று பொருளை அரிக்கும் என்று வியாபாரத்துக்குத் தெரியும். விற்கும்போது தெரிந்திருந்த அதே காற்று, பழுது பார்க்கும்போது வாடிக்கையாளரின் குற்றமாக மாறுவதை நான் ஏற்க மாட்டேன். உஸ்மான் சாலையிலும் பாண்டி பஜாரிலும் வைத்து விற்கிற பொருள், உஸ்மான் சாலையின் காற்றிலும் பாண்டி பஜாரின் காற்றிலும் ஓட வேண்டும். நாம் கொடுத்த விலையில் அது அடங்கும்.

எதிர்த்தரப்புக்கு நியாயம் இருக்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது. அதில் மூழ்கிய கன்சோலுக்கு வாரண்டி கேட்பது முறையில்லை. காபி டம்ளரைக் கவிழ்த்தவரும் கேட்க முடியாது. ஆனால் கொட்டிய தண்ணீரும் காற்றின் ஈரமும் போர்டில் ஒரே மாதிரியான தடயத்தை விடுவதில்லை. கொட்டியது பொதுவாகப் புகுந்த வழியையும் வழிந்த கோட்டையும் தேங்கிய திட்டையும் காட்டிக்கொடுக்கும். காற்றின் ஈரம் பெரும்பாலும் பரவலாக, தூசி படிந்த இடமெல்லாம் அரிக்கும். பல கருவிகளுக்குள் தண்ணீர் பட்டால் நிறம் மாறும் சின்ன ஸ்டிக்கர் ஒன்றையே ஒட்டி வைத்திருப்பார்கள். எது நடந்தது என்று பார்த்துச் சொல்லும் திறமை சர்வீஸ் சென்டரில் இருக்கிறது. "ஈரம்" என்று ஒரே சொல்லில் இரண்டையும் மூடுவது சோம்பலாலும் இருக்கலாம், லாபத்துக்காகவும் இருக்கலாம். எதற்காக இருந்தாலும் நாம் தலையாட்டிவிட்டு வருவதால்தான் அது நடக்கிறது.

வாரண்டி அட்டையில் இருப்பதோடு சரி என்ற பேச்சுக்கு அடியில் பெரிய தவறு ஒன்று கிடக்கிறது. நம் உரிமை முழுவதும் அந்த அட்டையிலிருந்து வருகிறது என்று நாம் நம்புகிறோம். அட்டை கொடுத்தால் உண்டு, அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் விலக்கினால் இல்லை, ஓராண்டு முடிந்தால் எல்லாமே முடிந்தது. இந்த நம்பிக்கைக்குச் சட்டத்தில் ஆதாரம் இல்லை.

1930ஆம் ஆண்டிலிருந்தே நம்மிடம் சரக்கு விற்பனைச் சட்டம் இருக்கிறது. குறிப்பிட்ட வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் அந்தப் பொருளைப் பெயர் சொல்லி வாங்கினால், அது விற்கத்தக்க தரத்தோடு இருக்க வேண்டும் என்பது எழுதாமலே உள்ளடங்கிய நிபந்தனை என்று அதன் 16ஆம் பிரிவு சொல்கிறது. நிபந்தனை என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு நிபந்தனையையும் வாரண்டியையும் வேறுபடுத்துகிறது. வாரண்டி மீறப்பட்டால் நஷ்டஈடு மட்டும் கேட்கலாம். நிபந்தனை மீறப்பட்டால் ஒப்பந்தத்தையே முறிக்க இடம் உண்டு. நாம் கும்பிடு போட்டுக் கேட்கிற வாரண்டி, சட்டத்தின் மொழியில் கீழ்ப்படியில் நிற்கிற சொல். பொருள் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பது அதைவிட மேலே இருக்கிறது. அந்த நிபந்தனை அட்டையை நாம் படிப்பதற்கு முன்பே, காசு கை மாறிய இடத்தில் பிறந்துவிடுகிறது.

அதே சட்டத்தின் 62ஆம் பிரிவு, இத்தகைய உள்ளடங்கிய நிபந்தனைகளை வெளிப்படையான ஒப்பந்தத்தால் விலக்கலாம் என்கிறதே என்று வழக்கறிஞர் ஒருவர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இல் இருக்கிறது. குறைபாடு என்பதற்கு அது தரும் விளக்கத்தில், வெளிப்படையான ஒப்பந்தப்படி இருக்க வேண்டிய தரத்தோடு உள்ளார்ந்த ஒப்பந்தப்படி இருக்க வேண்டிய தரமும், விற்பவர் சொல்லி விற்ற தரமும் சேர்கின்றன. நுகர்வோர்மீது நியாயமற்ற நிபந்தனையைச் சுமத்தி அவருக்குப் பாதகம் செய்யும் ஒப்பந்தத்தை நேர்மையற்ற ஒப்பந்தம் என்று தனியாகப் பெயரிட்டு, மாநில ஆணையத்தில் கேள்வி கேட்கவும் வழி செய்திருக்கிறது. பெட்டியைப் பிரித்த பிறகே கண்ணில் படும் பொடி எழுத்துக்கு நாம் எப்போது சம்மதம் சொன்னோம்?

ஓராண்டு என்ற கெடுவையும் தெய்வ வாக்காக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அதை நிர்ணயிப்பது நிறுவனம். வேண்டும்போது அதை நீட்டவும் நிறுவனத்துக்குத் தெரியும். 2005 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 வெளிவந்தபோது அமெரிக்காவில் அதற்கு 90 நாள் வாரண்டிதான். பெட்டிகள் சாரி சாரியாகச் செத்தன. முன்பக்கத்தில் மூன்று சிவப்பு விளக்குகள் எரிந்தால் கதை முடிந்தது என்று உலகம் முழுக்க விளையாடுகிறவர்கள் தெரிந்துகொண்டார்கள். உள்ளே சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வந்ததில் சால்டர் இணைப்புகள் விட்டுப்போயின. மைக்ரோசாஃப்ட் முதலில் வாரண்டியை ஓராண்டாக்கியது. 2007 ஜூலையில் அந்தப் பழுதுக்கு மட்டும் மூன்றாண்டாக்கி, 100 கோடி டாலருக்கு மேல் அதற்காக ஒதுக்கியது. ஏற்கெனவே காசு கொடுத்துப் பழுது பார்த்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது.

இது எப்படி நடந்தது? வாங்கியவர்கள் பெட்டியை நிறுவனத்துக்கே திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்ததால் நடந்தது. ஒவ்வொரு பெட்டியும் கணக்கில் ஏறியது. மறைக்க முடியாத அளவுக்குக் கணக்கு பெருத்தது. இங்கேதான் "ரிச்சி ஸ்ட்ரீட்ல கொடுத்துடுங்க" என்ற நல்லெண்ணம் என்ன செய்கிறது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். வாரண்டி இருக்கும்போதே வெளியில் கொடுத்துச் சரிசெய்த ஒவ்வொரு கன்சோலும், நிறுவனத்தின் ஏட்டில் பழுதே ஆகாத கன்சோல். அடையாறில் ஒன்று, மாம்பலத்தில் ஒன்று, கோட்டூர்புரத்தில் ஒன்று என்று ஒரே பழுது நூறு வீட்டில் வந்தாலும், நூறு பேரும் சத்தமில்லாமல் இரண்டாயிரம், மூவாயிரம் கொடுத்து முடித்துக்கொண்டால், சென்னையில் பிரச்சினையே இல்லை என்று அந்த ஏடு சொல்லும். அடுத்து வருகிற பெட்டியிலும் அதே பூச்சில்லாத போர்டு இருக்கும்.

நின்டெண்டோ ஸ்விட்ச்சின் கட்டுப்பாட்டுக் கருவியான ஜாய்-கான் கதையும் இதுதான். குச்சியைத் தொடாமலே திரையில் பாத்திரம் நகரும். உள்ளே உரசித் தேய்கிற கரிப்பூச்சுதான் காரணம் என்று பிரித்துப் பார்த்தவர்கள் காட்டினார்கள். ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் புகார்களைத் திரட்டிக்கொண்டு போய் நின்றன. 2023இல் அங்கே வாரண்டி முடிந்த பிறகும் அந்தப் பழுதை இலவசமாகச் சரிசெய்துதர நிறுவனம் ஒப்புக்கொண்டது. இந்தியாவில் அந்தக் கன்சோலை நிறுவனம் முறைப்படி வெளியிடவே இல்லை. இங்கே விற்றதெல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்த சரக்கு. அதை வாங்கியவருக்குப் போய் நிற்க ஒரு கவுன்ட்டர்கூடக் கிடையாது.

ரிச்சி ஸ்ட்ரீட்டைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். மவுன்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி நரசிங்கபுரம் தெரு வரை நெருக்கியடித்து நிற்கும் அந்தக் கடைகளில், பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டி, ஹாட் ஏர் அடித்து, நகக்கண் அளவு ஐசியைக் கழற்றி மாட்டுகிறவர்களின் கைகளை நான் மணிக்கணக்கில் பார்த்து நின்றிருக்கிறேன். உடைந்த எச்டிஎம்ஐ போர்ட்டை அவர்கள் மாற்றித் தருகிற நேர்த்திக்கு எந்தச் சான்றிதழும் ஈடாகாது. வாரண்டி முடிந்த பொருளுக்கு அவர்கள்தான் கதி. ஆனால் அவர்கள் கையையும் கட்டிப்போட்டிருக்கிறார்கள். பிளேஸ்டேஷன் 5இன் டிஸ்க் டிரைவ் அதன் மெயின் போர்டோடு மட்டும் பேசும்படி பூட்டப்பட்டது. இன்னொரு பெட்டியிலிருந்து நல்ல டிரைவைக் கழற்றி அப்படியே மாட்டினால் ஓடாது. பழைய டிரைவின் குட்டிப் போர்டை எடுத்துப் புதியதில் பொருத்தித்தான் ஒப்பேற்ற வேண்டும். எல்லாமே ரிச்சி ஸ்ட்ரீட்டில் முடியும் என்பவர்கள் இந்தப் பூட்டை அறியாமல் பேசுகிறார்கள். அந்த மெக்கானிக்குகளிடம் அன்பிருந்தால், பூட்டை எதிர்த்து நம்மோடு சேர்ந்து கேள்வி கேட்கட்டும்.

"ஸ்டிக்கர் கிழிஞ்சா வாரண்டி காலி" என்பதும் இதே ரகம். 2018இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ மூன்றும் அதில் அடக்கம். வெளியில் பழுது பார்த்தாலோ ஸ்டிக்கரைக் கிழித்தாலோ வாரண்டி போய்விடும் என்று மிரட்டுவது 1975ஆம் ஆண்டின் வாரண்டிச் சட்டத்துக்கு விரோதமாகலாம் என்றது அந்தக் கடிதம். அமெரிக்காவில்தானே என்று தள்ளிவிட வேண்டாம். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், வெளி மெக்கானிக்குகளுக்கு உதிரிபாகம் கிடைக்கவிடாமல் செய்த 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அபராதத் தொகையை எதிர்த்து மேல்முறையீடுகள் நடந்தன. ஆனால் அந்த உத்தரவில் ஒரு வரி எனக்கு முக்கியம்: வெளியில் பழுது பார்த்தார் என்பதற்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது. காருக்குச் சொன்ன நியாயம் கன்சோலுக்குச் சட்டமாகிவிடவில்லை என்பது எனக்குத் தெரியும். 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழு விவசாயக் கருவி, கைபேசி, வீட்டு உபயோகப் பொருள், வாகனம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு டிசம்பரில் ஓர் இணையதளமும் வந்தது. கட்டாயச் சட்டம் இன்னும் தேவை. அது வரும்வரை, இப்போது இருக்கும் சட்டத்தையாவது பயன்படுத்தலாம்.

பயன்படுத்த வேண்டுமானால் பில் வேண்டும். "பில் இல்லாம எடுத்துக்கிட்டா மூவாயிரம் கம்மி பண்ணித் தரேன்" என்ற குரல் தி. நகரிலும் கேட்கும், பர்மா பஜாரிலும் கேட்கும். அந்த மூவாயிரத்துக்கு நாம் விற்பது நம்முடைய சாட்சியத்தை. பில் கொடுக்காமல் இருப்பதையே 2019ஆம் ஆண்டுச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. பில்லின் அடியில் அச்சிட்டிருக்கும் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற வரிக்கும் பயப்பட வேண்டாம். குறைபாடுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அதே சட்டத்தில் முறையற்ற வணிகம்தான்.

"விளையாட்டுச் சாமானுக்குப் போய் கோர்ட்டா?" என்று மாமி கேட்டார். 2021 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் டிரைவ் உள்ள பெட்டியின் விலை 49,990 ரூபாய். அதே விலைக்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்கி அது நின்றுபோயிருந்தால் மாமி அப்படிக் கேட்டிருக்க மாட்டார். எங்கள் அக்காவின் இரண்டு மாதச் சம்பள மிச்சம் அதில் இருந்தது.

கோர்ட் என்றாலே அலைச்சல் என்ற பயத்துக்குக் காரணம் இருக்கிறது. நோட்டீஸ் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில், தீர்க்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கிறது. அதைப் பற்றி நாம் கோபப்பட வேண்டும். ஆனால் அந்தப் பயத்தின் மற்றப் பகுதிகள் பழைய காலத்தவை. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் ஊரையோ பிரச்சினை எழுந்த ஊரையோ பார்க்க வேண்டியிருந்தது. இப்போது வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். நிறுவனம் குருகிராமில் இருக்கட்டும், பெங்களூரில் இருக்கட்டும், மயிலாப்பூர்க்காரர் சென்னை மாவட்ட ஆணையத்துக்குப் போனால் போதும். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணமே இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. மனுவை இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பழுது உற்பத்தியிலேயே இருந்ததா என்று சந்தேகம் வந்தால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. வாரண்டி முடிந்த பிறகு நிரூபிக்கும் பாரம் கூடும் என்பது உண்மை. ஆனாலும் கதவு அடைபடுவதில்லை. அதற்கெல்லாம் முன்பாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

நான் அன்று கவுன்ட்டரில் செய்தது இவ்வளவுதான். இருபத்தெட்டாயிரம் கொடுக்கவில்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கும் ஓடவில்லை. "நீங்க சொன்னதை ஜாப் ஷீட்ல எழுதிக் கொடுங்க தம்பி. ஈரம் எங்கே இருக்கு, எப்படி ஏறுச்சு, போட்டோவோட வேணும்" என்றேன். அவர் உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். போட்டோ வந்தது. திட்டு எதுவும் இல்லை, தேங்கிய கறை இல்லை. விசிறிக்கு எதிரே போர்டு முழுவதும் மெல்லிய பச்சை. அந்தப் படத்தையும் பில்லின் நகலையும் இணைத்து, கடைக்கும் நிறுவனத்துக்கும் ஸ்பீட் போஸ்டில் ஒரு பக்கக் கடிதம் அனுப்பினேன். 1915இல் புகாரைப் பதிவு செய்தேன். மூன்றாவது வாரம் தொலைபேசி வந்தது. போர்டை மாற்றித் தருகிறார்களாம், காசு வேண்டாமாம்.

பையனையும் அழைத்துக்கொண்டு போனேன். கன்சோல் ஓடியது. கையெழுத்துக்காக நீட்டிய தாளில், கஸ்டமர் டேமேஜ் என்ற பழைய வரி அப்படியே இருந்தது. அதற்குக் கீழே, ஒரு முறை மட்டும் நல்லெண்ண அடிப்படையில் இலவசம் என்று புதிதாக ஒரு வரி. அதை அடிக்கச் சொன்னேன். "சிஸ்டம்ல மாத்த முடியாது மேடம்" என்றார் அந்த இளைஞர். அப்படியானால் தாளில் மாற்றலாம் என்று பேனாவை வாங்கினேன்.

"சித்தி, நான் தண்ணி கொட்டலன்னும் எழுதுங்க" என்றான் பையன். எழுதினேன். அதன் கீழே, வாரண்டி காலத்துக்குள் ஏற்பட்ட பழுது, வாரண்டிப்படி சரிசெய்யப்பட்டது என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, நகல் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தோம்.